மிதுனாவின் மூச்சில் எரிந்த விளக்குகள்

செம்மாண்டவலசில் மிதுனாவின் மூச்சு பட்டு முதல் விளக்கு எரிந்தது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குக் குழந்தைக்கு எண்பத்தோராவது நாள். துளசிமணி அவளுக்குத் தண்ணி வார்த்து, துவட்டி, சாம்பிராணிப் புகைக்கு மேலே ஒருமுறை காட்டி எடுத்து, சாமி அறை வாசலில் விரித்திருந்த பழைய சேலையின் மேல் கிடத்தினாள். பக்கத்தில் ஒரு காமாட்சி விளக்கு, முந்தின நாள் சாயங்காலமே எண்ணெய் வற்றி, திரி கருகி, தேய்த்து வைக்க நேரமில்லாமல் அப்படியே தரையில் கிடந்தது. குழந்தை தலையைத் திருப்பி ஒரு தும்மல் போட்டாள். திரி பற்றிக்கொண்டது.

"இத ஆரு இப்பப் பத்தவெச்சது?" என்று துளசிமணி கேட்டாள்.

"இவதானுங்க்கா," என்றாள் குழந்தையின் தாய் வாணி, துணியை நனைத்துவிட்டாள் என்று சொல்வதைப்போல. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சேலையோடு குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள், சூடு படக்கூடாதே என்று.

சூடு படவில்லை. அந்தச் சுடர் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் குளித்த குழந்தையின் உள்ளங்காலைப்போல. சாயங்காலம் வரைக்கும் எரிந்தது, மறுநாளும் எரிந்தது, மூன்றாம் நாள் வாணியின் நாத்தனார் சரோஜினி அதிலிருந்து இன்னொரு திரியைப் பற்றவைத்தபோது அந்தத் திரியும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் எரிந்தது, அதிலிருந்து பற்றவைத்த பக்கத்து வீட்டு விளக்கும், அதிலிருந்து பற்றவைத்த அடுத்த தெரு விளக்கும் அப்படியே எரிந்தன. எல்லாச் சுடர்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன, ஒரே நேரத்தில் தாழ்ந்தன. குழந்தை மூச்சை இழுத்தால் உயரும், விட்டால் தாழும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வாரம் ஆயிற்று, பழகிக்கொள்ள இரண்டே நாள்தான் ஆயிற்று.

துளசிமணிக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணி வார்ப்பது அவள் வேலை. சுற்றுவட்டத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஐந்தாம் நாள் காலையில் அவள் போய் நிற்பாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்கால்கள் இரண்டுக்கும் நடுவில் குழந்தையைப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயை உச்சியில் ஓர் உள்ளங்கைக் குழி அளவு வைத்து, நெஞ்சில் தேய்த்து, வயிற்றில் தேய்த்து, முட்டியைத் தூக்கி எதிர்த் தோளில் தொடவைத்து, மூக்கை நெருடி நெருடி நீவிவிட்டு, கடைசியில் தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குக்கு மூன்று சொட்டு, மறு மூக்குக்கு மூன்று சொட்டு விட்டு, வாயை வைத்து ஒரு ஊது ஊதுவாள். குழந்தை வீறிட்டு அழும். அழுதால்தான் நல்லது என்பார்கள், அழுகையோடு எண்ணெய் உள்ளே போய்ச் சளியை அறுத்துக்கொண்டு வரும் என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள், அவள் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள், அவளிடம் குளித்து வளர்ந்து இப்போது பஸ் ஓட்டுகிற பையன்களும் சொசைட்டியில் பால் ஊற்றுகிற பெண்களும் ஊர் நிறைய இருந்தார்கள். "துளசியக்கா கைப் பிள்ளை" என்றால் மூக்கு எடுப்பாக இருக்கும் என்று பேர்.

வாணியின் புருசன் கார்வேந்தனுக்குக் கொப்பரைக் களம் இருந்தது. தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்கிற வாசனை அந்த வீட்டின் தலையணை உறைக்குள் வரைக்கும் இருக்கும். செக்கில் முதல் ஆட்டத்து எண்ணெயில் ஒரு பாட்டில் குழந்தைக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்தார்கள். அந்த எண்ணெயால்தான் இப்படி ஆயிற்று என்று களத்தில் சொன்னார்கள். இல்லை, துளசிமணியின் கைராசி என்று தெருவில் சொன்னார்கள். குழந்தையின் நட்சத்திரம் என்று சரோஜினி சொன்னாள். ஏன் என்கிற கேள்வியை அதற்குமேல் யாரும் இழுக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

முதலில் பல்புகளைக் கழற்றினார்கள். எண்ணெயும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்கிற விளக்கு இருக்கும்போது பல்பு எதற்கு? வயர்மேன் ஆறுச்சாமி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "மூணு மாசக் கொழந்த எம்பட வேலைக்கு ஒல வெச்சுருச்சு, நான் ஆரு மேல கேஸு போடறது?" என்று புலம்பினான். டீ மாஸ்டர் ஒரு சுடர் ஏறி இறங்கும் நேரத்துக்கு ஓர் ஆற்று என்று டீயை ஆற்றப் பழகினார். தையல்காரப் பெண்கள் சுடர் தாழும்போது ஊசியை நிறுத்தி, உயரும்போது குத்தி எடுத்தார்கள். சண்டை போடுகிற புருசன் பெண்டாட்டிகள் உயரும்போது கத்தினார்கள், தாழும்போது மூச்சு வாங்கினார்கள். இப்படியே பார்த்துப் பார்த்து ஊர் முழுக்கத் தெரியாமலேயே விளக்கோடு சேர்ந்து மூச்சுவிட ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்தன்று ஆயிரக்கணக்கான அகல்கள் ஒரே நேரத்தில் உயர்ந்து ஒரே நேரத்தில் தாழ்ந்தபோது, அதற்கு நடுவில் தேர்முட்டி மேடைமேல் ஜரிகைப் பாவாடையோடு தூங்கிக்கொண்டிருந்த மிதுனாவை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. வாணி மட்டும் கும்பிடவில்லை. அவள் ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் அந்த விளக்கு இல்லை. கோமதி வீடு. மேற்குத் தெருக் கடைசியில் ஓட்டுவீடு. கோமதி கார்வேந்தனின் களத்தில் தேங்காய் உடைப்பவள். பதினோரு வருசத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்து, ஐந்தாம் மாதம் நெஞ்சுச்சளி என்று இறந்துபோனான். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. விளக்கு கொடுக்கப் போனவர்களிடம், "எனக்குப் பல்பே போதுமுங்க, அது பாட்டுக்கு எரியுது, மூச்சு கீச்சு உடறதில்ல," என்று சொல்லிவிட்டாள்.

கார்த்திகை முடியும்போது சுடர்கள் வேகமாக ஆட ஆரம்பித்தன.

"பாரு, ஆட்டம் போடுது!" என்று ஊர் சந்தோசப்பட்டது. பஞ்சாயத்துத் தலைவர் பொங்கியண்ணன் விளக்குக் கமிட்டி ஒன்றைக் கூட்டி, தைப்பூசத்துக்குப் பத்தாயிரத்தெட்டு விளக்கு என்று நோட்டீஸ் அடித்தார். சரோஜினி துளசிமணியிடம், "துளசி, மூணு சொட்டுங்கிறத அஞ்சாக்கு. இத்தன வெளக்கு எரியோணுமில்ல," என்றாள். காங்கேயத்திலிருந்து ஒருவர் நல்லெண்ணெய் கொண்டுவந்தார், வெள்ளாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் நெய் கொண்டுவந்தார், எல்லாவற்றிலும் பெயருக்கு ஒரு சொட்டு போனால் கொண்டுவந்தவர்களுக்குத் திருப்தி. குழந்தை அழும், தலையை ஆட்டும். சரோஜினி தாடையைப் பிடித்துக்கொள்வாள். துளசிமணி விடுவாள்.

அவள் உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. நெஞ்சில் எண்ணெய் தேய்க்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. உள்ளே ஒரு சத்தம், காதுக்குப் பக்கத்தில் தலைமுடியை விரலால் உருட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். இருமல் பெரிதாக இல்லை. காய்ச்சல் வரும், போகும். பால் குடிக்கும்போது நாலு வாய் குடித்து நிறுத்தி, மூச்சை வாங்கி, மறுபடி நாலு வாய்.

"வாணி அம்மிணி, கொழந்த எடை ஏறுதா?"

"போன மாசம் போட்ட சட்டதானுங்க்கா இன்னும் பத்துது," என்றாள் வாணி. சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தாள். சுடர் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "எனக்கு இந்த வெளக்கப் பாத்தாவே பயமா இருக்குது. நீங்க கேட்டதால சொல்றேன், வேற ஆருகிட்டச் சொல்றது?"

மார்கழி பிறந்தது. பாட்டிலில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகி, வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சுடர்கள் நிமிசத்துக்கு எழுபது தடவை ஆடின. ஊர் அதோடு சேர்ந்து மூச்சுவிட்டது, அதனால் ஊரே அவசரப்பட்டது. எட்டேகால் பஸ் எட்டு மணிக்கே கிளம்பிற்று. பேசுகிறவர்கள் பாதி வாக்கியத்தில் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்கள். யாரும் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிடவில்லை, உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்கள், வெயில் சரியில்லை என்றார்கள், தேங்காய் விலை சரியில்லை என்றார்கள், டீ மாஸ்டர் டீயை ஆற்றி ஆற்றிப் பாதியைத் தரையில் கொட்டினார். துளசிமணி கால் நீட்டி உட்காரவே பயந்தாள். வீட்டில் இருந்தால் விளக்கை எண்ணினாள், வெளியே போனால் ஆட்களின் நெஞ்சை எண்ணினாள்.

ஒருநாள் களத்தில், வாணி குழந்தையோடு வந்துபோன பிறகு, கோமதி தேங்காயை உடைத்துக்கொண்டே, வேறு ஏதோ பேசுகிற குரலில் கேட்டாள்: "யக்கா, எம்பையனுக்கும் கடைசில இந்தச் சத்தந்தானுங்க இருந்துச்சு? முடியத் தேச்சாப்புல?"

துளசிமணி எழுந்துகொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் கைகளை இரண்டு முறை வாய்க்காலில் கழுவினாள்.

மறுநாள் வாணி யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கார்வேந்தன் பைக்கில் பின்னாலேயே போனான். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. நிமோனியாவுக்கு மருந்து ஏற்றினார்கள், குறையவில்லை, மருந்தை மாற்றினார்கள், குறையவில்லை, காசநோய்க்குப் பார்த்தார்கள், இல்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள்? தாய்ப்பால்தான், வேறு ஒன்றும் கொடுக்கவில்லை என்று வாணி சொன்னாள், கார்வேந்தன் சொன்னான், பார்க்கப் போன சரோஜினி சத்தியம் செய்தாள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கொடுப்பது என்றால் வாயில் கொடுப்பது. குளிப்பாட்டுவது கொடுப்பதில் சேருமா?

பன்னிரண்டாம் நாள் செம்மாண்டவலசில் விளக்குகள் மங்கின. ஆட்டம் மட்டும் குறையவில்லை, சின்னச் சுடர் இன்னும் வேகமாகத் துடித்தது. கமிட்டி கூடியது.

"ஆஸ்பத்திரில எண்ணெய் உடறதில்ல, அதான்," என்றார் பொங்கியண்ணன். "துளசியைக் கூட்டிட்டுப் போய், பாத்ரூம்லயாவது வெச்சுத் தண்ணி வாத்துட்டு வந்துரலாம். பூசத்துக்கு எட்டு நாள்தான் இருக்குது."

"ஏனுங் தலைவரே, ஆஸ்பத்திரிக்காரன் உடுவானா?" என்றான் ஆறுச்சாமி.

"நீ பேசாத. உனக்கு வெளக்கு அணைஞ்சாச் சம்பளம்."

அப்படித்தான் துளசிமணி கைப்பையில் எண்ணெய்ப் பாட்டிலையும் பச்சைப்பயறு மாவையும் போட்டுக்கொண்டு, தலைவரின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து கோயமுத்தூர் போனாள். வழியெல்லாம் பாட்டில் அவள் மடியில் வெயில் பட்டு உருகிக்கொண்டே வந்தது.

குழந்தையின் மூக்கில் குழாய் இருந்தது. கண்ணைத் திறந்து துளசிமணியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு, அழச் சக்தியில்லாமல், உதட்டை மட்டும் பிதுக்கினாள். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அப்போது டாக்டரம்மா வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள், கேட்டுக் கேட்டு அலுத்த குரலில்.

"தாய்ப்பால்தானுங்க," என்றாள் சரோஜினி. "எத்தன தடவ சொல்றது?"

டாக்டரம்மா துளசிமணியின் கைப்பையைப் பார்த்தாள். "நீங்க யாரும்மா?"

"தண்ணி வாத்து உடறவளுங்க."

"எப்படிக் குளிப்பாட்டுவீங்க?"

அதுவரைக்கும் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. துளசிமணி தலைவரைப் பார்த்தாள், சரோஜினியைப் பார்த்தாள். சரோஜினி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். குழந்தையின் விலா குழிந்து எழுந்தது, குழிந்து எழுந்தது. கோமதி கேட்டது காதில் விழுந்தது: எம்பையனுக்கும் இந்தச் சத்தந்தானுங்க இருந்துச்சு?

துளசிமணி சேலையைச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக் கெண்டைக்கால்கள் நடுவில் படுக்கவைத்தாள். பாட்டிலைத் திறந்தாள். உச்சியில் வைத்தாள், நெஞ்சில் தேய்த்தாள், வயிற்றில் தேய்த்தாள், இல்லாத முட்டியைத் தூக்கி இல்லாத தோளில் தொட்டாள். இல்லாத மூக்கை நீவினாள். பிறகு தலையணையின் மேல்நுனியைப் பின்னால் சாய்த்து, ஒரு பக்கத்துக்கு மூன்று சொட்டு விட்டாள், மறு பக்கத்துக்கு மூன்று சொட்டு விட்டாள், குனிந்து ஊதினாள். நிமிர்ந்து, "கார்த்திகைக்கப்பறம் அஞ்சஞ்சுங்க," என்றாள்.

வெள்ளை உறையில் எண்ணெய் இரண்டு வட்டமாகப் பரவி ஒன்றாகச் சேர்ந்தது. வாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" டாக்டரம்மா தரையில் அவளுக்கு எதிரில் குந்தியிருந்தாள்.

"பொறந்த அஞ்சா நாள்ல இருந்து. தெனமுங்க."

"இந்தக் குழந்தைக்கு மட்டுமா?"

துளசிமணி பாட்டிலை மூடினாள். "எல்லாத்துக்குமுங்க," என்றாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் துளசிமணிக்குத் தாங்கவில்லை. எழுந்து, வாணியைப் பார்த்துச் சொன்னாள்: "இது சளியே இல்லை. நெஞ்சுக்குள்ள எண்ணெய் தேங்கியிருக்கு. அழுதுட்டிருக்கிற குழந்தைக்கு மூக்குல விட்டா வயித்துக்குப் போகாது, நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். தண்ணின்னா இருமித் தள்ளிடும். எண்ணெய்க்கு இருமல்கூட ஒழுங்கா வராது. அதான் யாருக்கும் தெரியறதில்லை. நிறையக் குழந்தைங்க தப்பிச்சுடறாங்க. சிலது தப்பிக்கறதில்லை." குழாய் விட்டு உப்புநீரால் நெஞ்சைக் கழுவி எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஆபத்து இருக்கிறது, செய்யாவிட்டால் அதைவிட ஆபத்து என்றாள். கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள்.

கார்வேந்தன் வாங்கவில்லை. "எண்ணெயக் கழுவுனா வெளக்கு அணைஞ்சுருமுங்க."

"எந்த விளக்கு?"

"அவ மூச்சுல எரியறது. ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும். அது அணைஞ்சா எம்புள்ள..." அழுதான். அவன் நோட்டீசுக்காகவோ பூசத்துக்காகவோ பேசவில்லை என்று வாணிக்கும் தெரிந்தது. விளக்கு எரிகிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாள், அவனுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

தலைவர் தொண்டையைக் கனைத்து, "பூசம் முடியட்டும் அம்மிணி, எட்டே நாளு," என்று ஆரம்பித்தார்.

"உங்க வெளக்குக்கு நீங்க எண்ணெய் ஊத்திக்கங்க," என்றாள் வாணி. அவள் தலைவர் முன்னால் அதுவரை வாயைத் திறந்ததில்லை. "அதுக்குத்தான கடையில விக்கறாங்க." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் துளசிமணியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று துளசிமணி காத்திருந்தாள். வாணி தலையணையை அவள் காலிலிருந்து எடுத்து, எண்ணெய் பட்ட பக்கத்தை உள்ளே மடித்து, ஓரமாக வைத்தாள், அவ்வளவுதான்.

காரில் யாரும் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் திரும்பினாள். பாட்டிலை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டிருந்தாள், ஆனாலும் தாராபுரம் ரோடு வரைக்கும் கையில் அந்த வாசம் இருந்தது.

மறுநாள் காலையில் வலது பக்கத்தைக் கழுவினார்கள். பதினொரு மணிக்குச் செம்மாண்டவலசில் மெயின் ரோட்டுக்குக் கிழக்கே இருந்த எல்லா விளக்குகளும் அணைந்தன. காற்று அடிக்கவில்லை, யாரும் ஊதவில்லை. ஒரு தெரு, அடுத்த தெரு, கோயில், பள்ளிக்கூடம், டீக்கடை என்று வரிசையாக அணைந்து, மெயின் ரோட்டோடு நின்றது. மேற்கே மட்டும் எரிந்தது. கிழக்குத் தெருக்காரர்கள் மேற்குத் தெருவுக்கு வந்து திரி கொளுத்திக்கொண்டு போனார்கள். ரோட்டைத் தாண்டியதும் அணைந்தது. ஆறுச்சாமி தோளில் ஏணியோடு வந்து நின்று, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பல்பு இருக்கிற வீடு எது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போனான்.

துளசிமணி வீடு மேற்கே இருந்தது. அவள் வேலைக்குப் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினாள். எழுபத்திரண்டு. சோறு பொங்கினாள், இறக்கினாள், சாப்பிடவில்லை. எழுபது. வாசலைக் கூட்டினாள், கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள். போன் ஒருமுறை அடித்தது, சிம் கம்பெனி. அவள் விரல்கள் சும்மா இருக்கமாட்டாமல் முந்தானையை நீவி நீவி ஒரு சின்ன மூக்கைப்போலக் கூராக்கிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்ததும் கைகளை இடுக்கிக்கொண்டாள்.

இரண்டாம் பக்கத்தை அடுத்த நாளே கழுவவில்லை. காய்ச்சல் வந்ததால் இரண்டு நாள் தள்ளினார்கள். அந்த இரண்டு நாளும் மேற்குத் தெருவின் சுடர்கள் உயர்ந்த இடத்தில் நின்று நடுங்கின, மேற்குத் தெருக்காரர்கள் மூச்சை இழுத்துவிட்டு வெளியே விடமுடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

வியாழக்கிழமை மறு பக்கத்தைக் கழுவுகிறார்கள் என்று தெரிந்து, பொழுது சாயும் நேரத்துக்கு ஆட்கள் துளசிமணியின் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். சரோஜினி முன்னால் நின்றாள்.

"என்னடி சொல்லிக் குடுத்துட்டு வந்த? உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்?"

"நெசத்தச் சொன்னேனுங்க."

"நெசமா! உன்ற கையால எத்தன புள்ளைக்கு ஊத்துன, அத்தனையும் கெட்டா போச்சு?"

"அத்தனையும் இல்லீங்க," என்றாள் துளசிமணி. எழுந்து நின்றாள். "போனது மூணுங்க. எனக்குத் தெரிஞ்சு."

அப்போது அவள் வீட்டு விளக்கு மெதுவாக ஆட ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுபது இல்லை. அறுபது, பிறகு ஐம்பது. சுடர் உயர்ந்தது, நின்றது, தாழ்ந்தது. நாற்பது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தோள்கள் அவர்களுக்குத் தெரியாமலேயே இறங்கின. தெருக்கோடியில் ஒரு விளக்கு அணைந்தது, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, இன்னும் இந்தப் பக்கம் ஒன்று. கார்வேந்தனின் களத்து மாடத்து விளக்கு, தலைவர் வீட்டுத் தோரண விளக்கு, பால் சொசைட்டி, நாவிதர் கடை. கடைசியில் துளசிமணி வீட்டுச் சுடர் ஒரு நெல் அளவாகி, நீலமாகி, ஒருமுறை நன்றாக உயர்ந்து, தாழ்ந்து, அப்புறம் உயரவில்லை. திரியிலிருந்து தேங்காயெண்ணெய் வாசத்தோடு ஒரு புகை மட்டும் மேலே போயிற்று.

யாருக்கும் மூச்சுவிடத் தெரியவில்லை. மூன்று மாதமாக விளக்கைப் பார்த்து இழுத்து, விளக்கைப் பார்த்து விட்டவர்கள். இருட்டில் வாயைத் திறந்துகொண்டு, இழுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். சரோஜினி துளசிமணியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள், அடிக்கவா விழாமல் இருக்கவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

போன் அடித்தது.

துளசிமணிக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. ஆறுச்சாமிதான் பொத்தானை அழுத்தி அவள் காதில் வைத்தான்.

"யக்கா," என்றது வாணியின் குரல். "பேசாதீங்க. கேளுங்க."

பிறகு எதன்மேலோ போனை வைக்கிற சத்தம். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உள்ளங்கை தானாக விரிந்தது. முடியை உருட்டுகிற சத்தத்தைத் தேடினாள். இல்லை. இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. நடுவில் ஒரு தடவை சின்னதாக ஏப்பம்.

அவள் போனைச் சரோஜினியின் காதில் வைத்தாள். சரோஜினி கேட்டுக்கொண்டே மெதுவாக வாசல்படியில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து தலைவர் வாங்கினார், அவரிடமிருந்து டீ மாஸ்டர். போன் இருட்டில் கைக்குக் கை மாறிப் போயிற்று. கேட்டவர்கள் ஒவ்வொருவராக இருமி, செருமி, அவரவர் மூச்சைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒத்துப்போகாமல்.

துளசிமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெரு முழுக்க இருட்டாக இருந்தது. மேற்கே கடைசியில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது, மஞ்சளாக, ஆடாமல். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும் திரும்பவில்லை.

கோமதி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. அந்தக் கொழந்த?"

"பொழச்சுக்கிச்சு."

"அப்பாடி. ஊரே இருண்டு போச்சே, நான் என்னமோ ஏதோன்னு..." கோமதி முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். "உக்காருங்க. ஏன் நிக்கறீங்க?"

துளசிமணி உட்காரவில்லை. பல்பு வெளிச்சத்தில் தன் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி, கோமதிக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

"உன்ற பையனப் பத்தி ஒண்ணு சொல்லோணும் கோமதி," என்றாள். "ஒரு பக்கத்துக்கு மூணு சொட்டு..."